வெற்றி விழுக்காடு

விளையாட்டில் வெல்வது ஒன்று. வென்றதை எண்ணிச் சொல்வது மற்றொன்று. முன்னதற்கு உடல் வலியும் இடைவிடாப் பயிற்சியும் வேண்டும். பின்னதற்கு நடுநிலைமை வேண்டும். முன்னதைப் பற்றி இம்மலரில் ஆண்டுதோறும் அன்பர் பலர் எழுதி வருகின்றனர். பின்னதைப் பற்றி எழுதினோர் அரியர். தமிழ் பயிலும் மாணவராகிய யாம் கணக்கைக் குறித்து எழுதப் புகுந்தது கண்டு கணித வகுப்பு நண்பர்கள் நகைத்தல் கூடும். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய முன்னோரின் மொழியைப் பயில்வோர் அவற்றுள் ஒரு கண்ணை மூடிக்கொள்ளல் வேண்டும் என்னும் விதி யாண்டும் இல்லையாதலின், துணிந்து புகுகின்றோம்.

எமது ஊராகிய வானூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கோடை வந்து ஏரி வற்றினால் ஏரியின் உள்வாயே ஆடுகளமாகிவிடும். ஒருபால் சடுகுடு நடக்கும். ஒருபால் கிரிக்கெட்டு நடக்கும். கடற்கரையூர்களில் கைப்பந்து நடக்கும். ஆட்டம் முடிந்தபின் மரத்தடியில் எழும் வழக்கு ஆட்டத்தினும் நீளமானது. "எங்கள் ஊர்க் குழு முப்பது ஆட்டங்களில் வென்றிருக்கிறது" என்பான் ஒருவன். "எங்கள் குழு நூற்றுக்கு எண்பது வென்றிருக்கிறது" என்பான் மற்றொருவன். முன்னவன் எத்தனை ஆட்டம் ஆடி முப்பது வென்றான் என்று சொல்லான். பின்னவன் எவரோடு ஆடி எண்பது பெற்றான் என்று சொல்லான். இருவரும் பொய் கூறினாரல்லர். ஆயினும் இருவரும் உண்மையை முழுவதும் கூறினாருமல்லர்.

இவ்வழக்கு ஏரிக்கரையோடு நின்றுவிடுமாயின் தீங்கில்லை. எந்தக் குழுவுக்குப் பந்தும் வலையும் வாங்கித் தருவது, எவரைத் தலைவராக்குவது, எவரை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்புவது என்பனவெல்லாம் இக்காலத்தில் இந்த ஓர் எண்ணைக் கொண்டே முடிவு செய்யப்பெறுதலைக் காண்கின்றோம். ஆதலின் அவ்வெண்ணின் இயல்பை ஆராய்தல் கடனாகின்றது. எமது கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றோம். வெற்றி விழுக்காடு நல்லதோர் அளவையே. ஆயினும் எத்தனை ஆட்டத்தில் பெற்றது, சமனை எவ்வாறு எண்ணிப் பெற்றது, எவரோடு ஆடிப் பெற்றது என்னும் மூன்றும் உடன்வாராத விழுக்காட்டை அறிவுடையார் ஏற்றல் கூடாது.

கணக்கின் முறை மிக எளிது. வென்ற ஆட்டங்களின் தொகையை ஆடிய ஆட்டங்களின் தொகையால் வகுத்து நூற்றால் பெருக்கினால் வருவது வெற்றி விழுக்காடு. இருபது ஆட்டங்களில் பன்னிரண்டு வென்ற குழுவின் விழுக்காடு 60. பின்னத்தின் மேல் நிற்பது தொகுதி. கீழ் நிற்பது பகுதி. தொகுதியை எல்லாரும் காண்பர். ஏனெனில் வெற்றி முழக்கமிடும். பகுதியை ஒருவரும் காணார். ஏனெனில் அது நிலத்தடியிற் கிடக்கும் அடித்தளம் போன்றது. கட்டடம் நிற்பதும் வீழ்வதும் அடித்தளத்தைப் பொறுத்தது போல, விழுக்காட்டின் உண்மையும் பொய்ம்மையும் பகுதியைப் பொறுத்தன.

வெற்றிகளின் தொகையே போதாதோ, விழுக்காடு எதற்கு எனின், அதற்கு அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றே தக்க விடையாகும். 2019ஆம் ஆண்டில் பன்னாட்டுக் கிரிக்கெட்டுக் கழகத்தார் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் என்னும் போட்டியைத் தொடங்கினர். ஒவ்வொரு தொடருக்கும் 120 புள்ளிகள் வகுக்கப்பெற்றன. இடையே கொரோனாப் பெருந்தொற்று வந்து பல பயணங்களைத் தடுத்தது. எல்லாக் குழுக்களும் ஒத்த எண்ணிக்கையில் தொடர்களை ஆட இயலாது போகவே, 2020ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பெற்ற புள்ளிகளின் தொகையை விடுத்து, பெறத்தக்கவற்றுள் எத்தனை விழுக்காடு பெற்றனர் என்பதைக் கொண்டே வரிசை வகுப்பதெனக் கழகத்தார் முடிவு செய்தனர்.

இறுதியில் கணக்கு இவ்வாறு நின்றது. இந்தியா 720 புள்ளிகளுள் 520 பெற்றது. இங்கிலாந்து 720 புள்ளிகளுள் 442 பெற்றது. நியூசிலாந்து 600 புள்ளிகளுள் 420 பெற்றது. ஆஸ்திரேலியா 480 புள்ளிகளுள் 332 பெற்றது. தொகையே அளவையாயின் இந்தியாவோடு இறுதியாட்டம் ஆடியிருக்க வேண்டியது இங்கிலாந்து. விழுக்காட்டால் நோக்கின் இந்தியா 72.2, நியூசிலாந்து 70.0, ஆஸ்திரேலியா 69.2, இங்கிலாந்து 61.4 என வரிசை மாறிற்று. நியூசிலாந்தே இறுதியாட்டம் புகுந்து, 2021ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சவுதாம்டனில் இந்தியாவை எட்டு விக்கெட்டு வேறுபாட்டில் வென்று பட்டமும் பெற்றது. குறைவாக ஆடியவர் என்னும் காரணத்தால் தள்ளப்பட்டிருக்கக் கூடிய குழு ஒன்றின் உரிமையை விழுக்காடு காத்தது. இதுவே அதன் பெருமை.

இந்நிகழ்ச்சியில் மற்றொரு நுட்பமும் உண்டு. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் மெல்போர்னில் நடந்த ஆட்டத்தில் பந்து வீசுதலைத் தாமதித்தமைக்காக ஆஸ்திரேலியாவுக்கு நான்கு புள்ளிகள் குறைக்கப்பட்டன. அந்நான்கும் குறையாதிருந்தால் 480க்கு 336 ஆகி, அதன் விழுக்காடும் சரியாக 70.0 என நியூசிலாந்தோடு ஒத்து நின்றிருக்கும். பகுதி சிறிதாயின் ஒவ்வொரு புள்ளியின் எடையும் பெரிதாம் என்பதை இதனால் அறியலாம்.

விழுக்காட்டின் இயல்பை எம் பக்கத்தார் கல்லூரிக்கு வந்துதான் கற்கவேண்டும் என்பதில்லை. வானூருக்கு வடகிழக்கே மரக்காணத்தில் பரந்து கிடக்கும் உப்பளங்களே அதற்குப் பள்ளிக்கூடமாகும். கடல்நீரில் ஏறக்குறைய நூற்றுக்கு 3.5 பங்கு உப்பு உளது. அந்நீரைப் பாத்திதோறும் மாற்றி வெயிலிற் காய்ச்சி, ஏறக்குறைய நூற்றுக்கு 25 பங்கு என்னும் செறிவை எய்துவித்த பின்னரே உப்பு மணி பிடிக்கத் தொடங்குகின்றது. கடல் முழுவதிலும் உள்ள உப்பின் தொகைக்கு அளவில்லை. ஆயினும் கடலில் உப்பு விளைவதில்லை. முழங்கால் ஆழமும் இல்லாத பாத்தியில் விளைகின்றது. காரணம் தொகையன்று, செறிவு. வெற்றிகளின் தொகை கடலை ஒக்கும். வெற்றி விழுக்காடு பாத்தியின் செறிவை ஒக்கும்.

அவ்வுப்பளமே மற்றொரு பாடமும் கற்பிக்கின்றது. நூற்றுக்கு 20 செறிவுள்ள நீர் பத்துக் குடமும், நூற்றுக்கு 4 செறிவுள்ள நீர் தொண்ணூறு குடமும் ஒரே பாத்தியிற் கலந்தால் செறிவு என்னவாகும்? இருபதையும் நான்கையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பன்னிரண்டு என்பான் உப்பளத்தில் ஒருநாளும் வேலை செய்திரான். குடங்களின் எடை ஒன்றே எனக் கொண்டால் விடை 5.6. மிகுதியாக உள்ள நீரின் பக்கமே கலவை சாயும். ஆட்டக் கணக்கிலும் இவ்வாறே. ஒரு குழு தன் ஊரில் நான்கு ஆட்டம் ஆடி நான்கும் வென்றது எனக் கொள்வோம். அங்கே விழுக்காடு 100. வெளியூரில் பதினாறு ஆட்டம் ஆடி நான்கு வென்றது. அங்கே விழுக்காடு 25. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 62.5 என்று பறையறைவோர் உளர். உண்மையோ, இருபதுக்கு எட்டு, விழுக்காடு 40. விழுக்காடுகளைக் கூட்டிப் பாதியாக்குதல் பெரும்பாலும் பிழையாகவே முடியும். ஆட்டங்களைக் கூட்டிப் பின்னர் வகுத்தலே முறை.

இனி, வெற்றியும் தோல்வியும் இன்றி முடியும் ஆட்டத்தை எவ்வாறு எண்ணுவது என்னும் வினா எழுகின்றது. இதற்கு இந்தியக் கிரிக்கெட்டின் வரலாறே சிறந்த எடுத்துக்காட்டாகும். இந்தியக் குழு தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932ஆம் ஆண்டில் இலண்டன் லார்ட்ஸ் களத்தில் ஆடியது. அதன் முதல் வெற்றி 1952ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், நம் சென்னைச் சேப்பாக்கத்தில், விஜய் அசாரேயின் தலைமையில், இங்கிலாந்துக்கு எதிராகக் கிடைத்தது. வினூ மன்கட் அவ்வாட்டத்தில் பன்னிரண்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அஃது இந்தியாவின் 25ஆவது ஆட்டம். அதற்கு முன் ஆடிய 24 ஆட்டங்களுள் 12 தோல்வி; 12 முடிவின்றி நின்றவை.

அன்று மாலை இந்தியாவின் வெற்றி விழுக்காடு என்ன? எல்லா ஆட்டங்களையும் பகுதியாகக் கொண்டால் 25க்கு 1, விழுக்காடு 4. முடிவு கண்ட ஆட்டங்களை மட்டும் கொண்டால் 13க்கு 1, விழுக்காடு 7.7. முடிவின்றி நின்றதைப் பாதி வெற்றியாக எண்ணினால் 25க்கு 7, விழுக்காடு 28. காற்பந்தாட்டத்தில் இக்காலத்து வழங்குவது போல வெற்றிக்கு மூன்று புள்ளியும் முடிவின்மைக்கு ஒரு புள்ளியும் கொடுத்தால் 75க்கு 15, விழுக்காடு 20. ஒரே குழு, ஒரே ஆட்டங்கள், விடைகளோ நான்கு. இவற்றுள் எதுவும் பொய்யன்று. எந்த முறையால் எண்ணினோம் என்பதை மறைத்துவிட்டு, தமக்கு வேண்டியதொன்றை எடுத்துக் காட்டுவதே பொய்.

சதுரங்கத்தில் முடிவின்மை அரைப்புள்ளி பெறும். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னை இளைஞர் குகேஷ், சீனத்து டிங் லிரெனை வென்று உலகப் பட்டம் பெற்றார். பதினான்கு ஆட்டங்களுள் அவர் வென்றவை 3, தோற்றவை 2, முடிவின்றி நின்றவை 9. வெற்றிகளை மட்டும் எண்ணினால் விழுக்காடு 21.4, உலகில் முதல்வர் ஒருவரைக் குறிக்கும் எண்ணாக அஃது எவர்க்கும் தோன்றாது. அரைப்புள்ளிகளையும் சேர்த்து எண்ணினால் பதினான்குக்கு ஏழரை, விழுக்காடு 53.6. அவ்விளையாட்டில் வலியாரிருவர் மோதினால் தோலாதிருத்தலும் ஓர் ஆற்றலாதலின், அதற்குரிய பங்கைக் கொடுத்தலே நேர்மை.

இருசாராரும் ஒரே ஓட்டத் தொகையில் முற்றுப்பெறுவது இன்னும் அரிது. டெஸ்ட் வரலாற்றில் இரண்டே முறை அவ்வாறு நேர்ந்தது. முதலாவது 1960ஆம் ஆண்டில் பிரிஸ்பேனில். இரண்டாவது 1986ஆம் ஆண்டில் சேப்பாக்கத்தில், இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் 2021ஆம் ஆண்டு முதல் வகுத்த விதியின்படி வெற்றிக்கு 12, இத்தகைய சமனுக்கு 6, முடிவின்மைக்கு 4 என்று புள்ளிகள் அமைந்தன. சமனை வேறாகவும் முடிவின்மையை வேறாகவும் எண்ணிய நுட்பம் நோக்கத்தக்கது. நம் ஊர்ப் போட்டிகளில் மழையால் நின்ற ஆட்டமும், ஒத்த எண்ணில் முடிந்த ஆட்டமும், எதிர்க்குழு வாராமையால் கிடைத்த வெற்றியும் ஒரே கட்டத்தில் அடைபடுகின்றன.

அடுத்துச் சிறு தொகையின் மயக்கத்தைக் கூறுவோம். டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியக் குழுவின் தலைவராயிருந்தோருள் விராட் கோலி 68 ஆட்டங்களில் 40 வென்றார், விழுக்காடு 58.8. மகேந்திர சிங் தோனி 60 ஆட்டங்களில் 27 வென்றார், விழுக்காடு 45. சவுரவ் கங்குலி 49 ஆட்டங்களில் 21 வென்றார், விழுக்காடு 42.9. இம்மூவரினும் மேம்பட்டவர் அஜிங்கிய ரகானே, விழுக்காடு 66.7. அவரினும் மேம்பட்டவர் ரவி சாஸ்திரி, விழுக்காடு 100. ரகானே தலைமை தாங்கியவை ஆறு ஆட்டங்கள். அவற்றுள் நான்கு வெற்றி. சாஸ்திரி தலைமை தாங்கியது ஒரே ஆட்டம். 1988ஆம் ஆண்டு ஜனவரியில், அதே சேப்பாக்கத்தில், நரேந்திர இர்வானி தம் முதல் ஆட்டத்திலேயே பதினாறு விக்கெட்டுகளை வீழ்த்த, மேற்கிந்தியத் தீவினரை 255 ஓட்ட வேறுபாட்டில் வென்ற ஆட்டம் அது.

அவ்வெற்றியின் பெருமையை யாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் ஓராட்டத்து நூறும் அறுபத்தெட்டு ஆட்டத்து ஐம்பத்தெட்டும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கனவல்ல. சாஸ்திரி இன்னும் ஓராட்டம் தலைமை தாங்கித் தோற்றிருப்பின் நூறு ஐம்பதாகச் சரிந்திருக்கும். கோலி இன்னும் ஓராட்டம் தோற்றிருப்பின் 58.8 என்பது 58.0 ஆக மட்டுமே தாழ்ந்திருக்கும். சிறு தோணி சிற்றலைக்கே ஆடும், பெருங்கலம் அசையாது. ஆதலின் புதிதாகத் தொடங்கிய குழுவின் மூன்று ஆட்டத்து முடிவைக் கண்டு அதனை வானளாவப் புகழ்வதும் தகாது. இனி இதற்குப் பணம் எதற்கு என்று கைவிடுவதும் தகாது. புதிய குழுக்கள் முதலாண்டிலேயே தீர்ப்புக்கு உள்ளாகி மடிவதற்கு இம்மயக்கமே பெருங்காரணம் என்பது எம் எண்ணம்.

இவையனைத்தினும் நுட்பமானது எதிரியின் வலிமை. இரண்டு சடுகுடுக் குழுக்களைக் கற்பனை செய்வோம். முதற்குழு வலியாரோடு பதினாறு ஆட்டம் ஆடி ஆறு வென்றது; எளியாரோடு நான்கு ஆடி நான்கும் வென்றது. இரண்டாங்குழு வலியாரோடு நான்கு ஆடி ஒன்று வென்றது. எளியாரோடு பதினாறு ஆடிப் பன்னிரண்டு வென்றது. வலியாரிடத்து முதற்குழுவின் விழுக்காடு 37.5, இரண்டாவதன் விழுக்காடு 25. எளியாரிடத்து முதற்குழுவுக்கு 100, இரண்டாவதற்கு 75. இருவகையிலும் முதற்குழுவே சிறந்தது. ஆயினும் மொத்தத்தில் முதற்குழு இருபதுக்குப் பத்து, விழுக்காடு 50. இரண்டாங்குழு இருபதுக்குப் பதின்மூன்று, விழுக்காடு 65.

எங்கே பிழை? கணக்கில் பிழையில்லை, வேண்டுவோர் கூட்டிப் பார்க்கலாம். இரண்டாங்குழு எளியாரைத் தேர்ந்து ஆடியது. முதற்குழு வலியாரைத் தேடிச் சென்று ஆடியது. இதனை 1951ஆம் ஆண்டில் ஆராய்ந்து கட்டுரை வரைந்த எட்வர்டு சிம்சன் என்னும் ஆங்கிலேயப் புள்ளியியலார் பெயரால் சிம்சனின் முரண் என்று வழங்குவர். மொத்த விழுக்காட்டை மட்டும் கண்டு பரிசு கொடுப்போமாயின், பரிசு பெறுவது ஆற்றல் அன்று. எதிரியைத் தேர்ந்தெடுக்கும் சூழ்ச்சியே.

பட்டோடி நவாபு மன்சூர் அலிகான் 40 டெஸ்ட் ஆட்டங்களில் தலைமை தாங்கி 9 மட்டுமே வென்றார், விழுக்காடு 22.5. இவ்வெண்ணொன்றே எஞ்சியிருக்குமாயின் அவர் பெயர் இன்று எவர்க்கும் நினைவிராது. 1968ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் மூன்று ஆட்டங்களை வென்று, அயல்நாட்டில் முதன்முதலாக ஒரு தொடரை இந்தியா கைக்கொண்டது அவர் தலைமையிலேயே ஆகும். எக்காலத்தில், எத்தகைய குழுவைக் கொண்டு, எவர் நிலத்தில் ஆடினார் என்பதை விழுக்காடு சொல்லமாட்டாது. அதனைச் சொல்ல வேண்டியவர் எண்ணைக் கையாளும் மனிதர்.

விழுக்காட்டை உயர்த்த முயல்வோர் அறியவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. இருபது ஆட்டங்களில் எட்டு வென்ற குழு, நாற்பதிலிருந்து ஐம்பதுக்கு உயர இடையறாது நான்கு ஆட்டங்கள் வெல்லல் வேண்டும். அறுபதுக்கு உயரப் பத்து ஆட்டங்கள் வேண்டும். எண்பதுக்கு உயர நாற்பது ஆட்டங்கள் வேண்டும். நூற்றுக்கு உயர எத்தனை வேண்டும்? எத்தனை வென்றாலும் இயலாது. ஒருமுறை தோற்றவர் நூற்றை மீண்டும் தொடுதல் ஒருநாளும் இல்லை. ஆகவே நூற்றைத் தெய்வமாக வணங்குவோர்க்குத் திறந்திருக்கும் வழிகள் இரண்டே. ஒன்று, தோற்கக்கூடிய ஆட்டத்தை ஆடாதிருத்தல். மற்றொன்று, ஆடிய ஆட்டத்தைக் கணக்கிலிருந்து விலக்குதல்.

இது விளையாட்டோடு நிற்கும் தீங்கன்று. பொதுத்தேர்வு முடிவு வெளிவரும் நாளில் பள்ளி வாயில்கள் பலவற்றில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்னும் பதாகை தொங்குதலைக் காண்கின்றோம். எத்தனை மாணவர் தேர்வு எழுதினர் என்பதைப் பதாகை சொல்லாது; எத்தனை பேர் எழுதாமல் விலக்கப்பட்டனர் என்பதை அறவே சொல்லாது. எம்மோடு ஒன்பதாம் வகுப்புவரை ஒரே பலகையில் அமர்ந்து பயின்ற தோழன் ஒருவன் இருந்தான். உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன். உப்பு விளையும் மாதங்களில் தாயோடு அளத்திற்குச் செல்ல வேண்டியிருந்தமையால் பாடத்திற் பின்தங்கினான். பத்தாம் வகுப்புக்கு வேறிடம் பார்த்துக்கொள்ளுமாறு அவன் தந்தையாரிடம் கூறப்பட்டது. அடுத்த ஆண்டு அப்பள்ளி நூற்றுக்கு நூறு காட்டிற்று. பகுதியிலிருந்து ஒன்று கழிக்கப்பட்டது. அவ்வொன்று எம் தோழன். அவன் பின்னர் எப்பள்ளியிலும் சேரவில்லை.

அப்பதாகையிலிருந்த எண் பொய்யன்று என்பதே நம்மை அஞ்சச் செய்வது. வென்றவர் தொகை, எழுதியவர் தொகை, வகுத்த விடை எல்லாம் சரியே. பகுதியைத் திருத்தினால் விழுக்காடு தானே உயரும் என்பதைக் கண்டுகொண்ட உலகில், பகுதியைக் காவல் செய்வோர் இல்லையாயின் எளியோரே முதலில் கழிக்கப்படுவர். ஆடுகளத்திலும் இதுவே நிகழ்கின்றது. தோல்வியால் விழுக்காடு கெடும் என்று வலிய குழுவின் அழைப்பை மறுப்பதும், பயிலும் இளையோனை ஆடவிடாது எப்பொழுதும் ஓரத்தில் உட்கார்த்துவதும், தோற்ற ஆட்டத்தை 'அது பழகும் ஆட்டமே' என்று பின்னர்ப் பெயர் மாற்றுவதும் யாம் பலவிடத்துக் கண்டவையே.

இனி எம் கருத்துக்கு எழக்கூடிய மறுப்புகள் இரண்டனை நோக்குவோம். "இத்துணைத் தீங்கு விளைக்குமாயின் விழுக்காட்டையே ஒழித்துவிடலாகாதோ?" என்பர் சிலர். ஒழித்தல் ஆகாது. மேலே நியூசிலாந்தின் செய்தியிற் கண்டவாறு, குறைவாக ஆட வாய்த்தவர்க்கு நீதி செய்வது விழுக்காடே. ஆண்டுக்கு நாற்பது ஆட்டம் ஆடப் பொருள் உள்ள நகரக் குழுவையும், பேருந்துக் கட்டணம் சேர்த்துப் பன்னிரண்டு ஆட்டம் ஆடும் எம் கடற்கரைக் குழுவையும் வெற்றித் தொகையால் மட்டும் ஒப்பிட்டால் நகரக் குழுவே என்றும் மேலாக நிற்கும். கத்தி கையை அறுக்கும் என்று அதனை எறிந்துவிட்டால் காய் நறுக்குவது எதனால்?

"இத்தனை எண்களையும் அச்சிட்டால் படிப்போர்க்குச் சலிப்புண்டாகும்" என்பர் வேறு சிலர். செய்தித்தாளில் ஆட்டக்காரன் ஒருவனின் எண்களைப் பத்தி பத்தியாகப் படித்து மனப்பாடம் செய்யும் நம் நண்பர்கள் நான்கு எண்களைக் கண்டு சலிப்பர் என்று யாம் நம்பவில்லை. சலிப்பே ஆயினும், ஒருவனுக்கு அநீதி இழைப்பதினும் பலர்க்குச் சிறிது சலிப்பூட்டுதல் மேல்.

ஆகவே நம் கல்லூரியின் விளையாட்டுக் குழுவினர்க்கும் இம்மலரின் ஆசிரியர் குழுவினர்க்கும் எம் வேண்டுகோளைப் பணிவுடன் வைக்கின்றோம். ஆண்டறிக்கையில் எந்தக் குழுவின் வெற்றி விழுக்காட்டை எழுதினாலும் அதற்கு முன்னே ஆடியவை, வென்றவை, தோற்றவை, சமனாகவோ முடிவின்றியோ நின்றவை என்னும் நான்கு எண்களும் நிற்றல் வேண்டும். 'ஆட்டம் 20, வெற்றி 8, தோல்வி 9, சமன் 3, வெற்றி விழுக்காடு 40' என ஒரே வரியில் இஃது அடங்கும். பத்து ஆட்டத்திற்குக் குறைவாயின் விழுக்காடு எழுதாது எண்களை மட்டும் எழுதுதல் வேண்டும். கல்லூரிக் குழுக்களோடு ஆடியதையும் பள்ளிக் குழுக்களோடு ஆடியதையும் வேறு வேறாகக் காட்டுதல் வேண்டும். எதிர்க்குழு வாராமையால் வந்த வெற்றியைக் களத்தில் வென்ற வெற்றியோடு கலத்தல் ஆகாது. குழுக்களுக்குப் பணம் ஒதுக்குங்கால் விழுக்காட்டோடு, அவ்வாண்டில் தம்மினும் வலியார் எத்தனை பேரோடு ஆடினர் என்பதையும் கேட்டல் வேண்டும்.

மாணவ நண்பர்க்கும் ஒரு சொல். எவரேனும் உங்களிடம் ஒரு விழுக்காட்டைக் கூறினால், எத்தனைக்கு எத்தனை என்று உடனே கேளுங்கள். அவ்வினா ஒன்றே போதும். கூறியவர் உண்மையாளராயின் மகிழ்ந்து விடை கூறுவர். அல்லராயின் பேச்சை மாற்றுவர். உங்கள் குழுவின் விழுக்காடு தாழ்ந்திருக்கக் கண்டால் நாணாதீர்கள். அது வலியாரோடு ஆடித் தாழ்ந்ததாயின் வருமாண்டிலும் அவரோடே ஆடுங்கள். இந்தியக் குழு இருபதாண்டு வெற்றியின்றி ஆடி, விழுக்காடு சுழியாகவே நிற்கவும் களத்தை விட்டு நீங்காமையால் அன்றோ சேப்பாக்கத்தில் அந்த முதல் ஒன்றைப் பெற்றது? பகுதியில் இருபத்து நான்கு ஆட்டங்கள் சேர்ந்த பின்னரே தொகுதியில் ஒன்று வந்தது. பகுதியைப் பெருக்க அஞ்சுவோர்க்குத் தொகுதி பெருகுவதில்லை.